ஈசல் வந்தாச்சு, அடுத்து காளான்... கே.கே. நகர் மண்ணுக்கு அடியில் 3 கோடி வருஷத்து விவசாயம்!

வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழை விட்ட சாயங்காலம். கே.கே. நகரில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரே காட்சிதான். தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். வீட்டுக்குள்ளே ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் பக்கத்தில் சின்ன வெளிச்சம் ஒன்றை வைப்பார்கள். காலையில் வாசல் முழுக்க றெக்கை. பெருக்கித் தள்ளிவிட்டு அத்தோடு மறந்துவிடுவோம்.

கொஞ்ச நாள் கழித்து, பார்க் ஓரத்திலோ, அபார்ட்மென்ட் காம்பவுண்டை ஒட்டிய மண்ணிலோ குடை விரித்த மாதிரி காளான்கள் நிற்கும். "இது புற்றுக்காளான், ஊர்ல குழம்பு வைப்போம்" என்பார் ஒருவர். "தொடாதே, விஷம்" என்பார் இன்னொருவர்.

ஈசலுக்கும் இந்தக் காளானுக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு. அதுவும் லேசுப்பட்ட சம்பந்தம் இல்லை. ஆனால் கண்ணில் படும் எல்லாக் காளானுக்கும் அந்தச் சம்பந்தம் கிடையாது. ஆபத்து ஆரம்பிக்கும் இடமே அதுதான்.

கரையான் மரத்தைத் தின்கிறதா?

ஈசல் என்பது றெக்கை முளைத்த கரையான். சென்னையில் சாதாரணமாகக் காணப்படும் கரையான்களில் 'ஓடோன்டோடெர்மிஸ்' என்ற பேரினம் முக்கியமானது. சாலையோர மரங்களின் அடித்தண்டில் மண்ணைக் குழைத்துப் பூசிய மாதிரி ஒரு பட்டை ஏறியிருக்கும், பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது இவர்கள் வேலை. அந்த மண் பூச்சுக்கு அடியில் மரத்தின் காய்ந்த மேல்பட்டையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

சுரண்டியதை அப்படியே ஜீரணிக்க முடியுமா என்றால், முடியாது. மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற கடினமான பொருளை உடைப்பது கரையானின் வயிற்றுக்கு ஆகாத காரியம். அதனால் அந்த வேலையை வெளியே ஒரு பூஞ்சைக்குக் கொடுத்துவிட்டது. 'அவுட்சோர்சிங்' என்றே சொல்லலாம்.

நடப்பது இதுதான். வேலைக்காரக் கரையான்கள் மரத்தூள், சருகு, காய்ந்த புல் எல்லாவற்றையும் கூட்டுக்குக் கொண்டு வரும். இளம் கரையான்கள் அதைப் பூஞ்சையின் ஸ்போர்களோடு சேர்த்து விழுங்கி, பாதி அரைபட்ட நிலையிலேயே வெளியே தள்ளும். அதை அடுக்கி அடுக்கிக் கட்டுவதுதான் பூஞ்சைத் தட்டு. பழுப்பு நிறத்தில், ஸ்பான்ஜ் மாதிரி, மூளையின் மடிப்பு மாதிரி இருக்கும். ஸ்போர் ஏற்கெனவே கலந்திருப்பதால், விதைப்பும் உரமும் ஒரே கையில் முடிந்துவிடுகிறது.

பிறகு அந்தத் தட்டில் பூஞ்சை படர்ந்து, ஊசிமுனை அளவுக்கு வெள்ளை வெள்ளையாக முத்துக்களை விடும். இளசுகளின் சாப்பாடு அது. பூஞ்சை நன்றாக மென்மையாக்கிவிட்ட தட்டின் அடிப்பகுதியை மூத்த கரையான்கள் தின்னும். மேலே புதிதாகச் சேர்த்துக்கொண்டே, கீழே தின்றுகொண்டே போவார்கள்.

ஆக, உங்கள் வீட்டு நிலைப்படியை அரிப்பது இந்த வகைக் கரையானாக இருந்தால், அது அரித்துக்கொண்டு போவது தன் தோட்டத்துக்கான எருவை. (எல்லாக் கரையானும் இப்படி இல்லை. காய்ந்த மரச்சாமானுக்குள்ளேயே குடியிருக்கும் வகைகளுக்குத் தோட்டமும் கிடையாது, பூஞ்சையும் கிடையாது. அவை வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களை வைத்தே சமாளிக்கின்றன.)

அந்தப் பூஞ்சையின் பெயர் 'டெர்மிடோமைசிஸ்'. மழைக்காலத்தில் அது மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே அனுப்பும் குடைதான் நாம் சொல்லும் புற்றுக்காளான்.

எறும்பும் செய்கிறதே, அது வேறயா?

வேற. முழுக்க வேற.

பூஞ்சை வளர்க்கும் எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. பிரேசில் காடுகளில் இலையை வட்டமாக வெட்டி, கொடி பிடித்த மாதிரி வரிசையாகத் தூக்கிப் போகும் எறும்புகளை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அவை இலையைத் தின்பதில்லை, பூஞ்சைக்குத் தீனியாகப் போடுகின்றன. அந்த எறும்பு விவசாயம் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்த காலத்தை ஒட்டித் தொடங்கியது என்று மரபணு ஆய்வு ஒன்று 2024-ல் கணக்கிட்டது.

கரையான்கள் இதே வித்தையைத் தனியாக ஆப்பிரிக்காவில் கண்டுபிடித்தன, சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இது வெறும் மரபணுக் கணக்கு மட்டுமில்லை. தான்சானியாவின் ருக்வா பள்ளத்தாக்கில், கல்லாகிப்போன கரையான் கூடும் அதற்குள் பூஞ்சைத் தட்டும் அப்படியே கிடைத்தன. வயது சுமார் 2.5 கோடி ஆண்டுகள். அங்கிருந்துதான் சில கரையான் வம்சங்கள் ஆசியாவுக்கு வந்து சேர்ந்தன. கே.கே. நகர் மரத்தில் மண் பூசும் ஓடோன்டோடெர்மிஸ் அந்த வழியில் வந்த விருந்தாளி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஆங்கிலேயர் காலத்தில் கரையானை 'வெள்ளை எறும்பு' என்று எழுதி வைத்துவிட்டார்கள். கரையான் எறும்பே இல்லை. எறும்பு குளவி, தேனீக்களின் சொந்தம். கரையானோ கரப்பான்பூச்சிக் குடும்பத்துக்குள் அடங்கும். 2007-ல் வந்த மரபணு ஆய்வு கரையானின் தனி வரிசையையே கலைத்து, கரப்பான்பூச்சியோடு சேர்த்துவிட்டது. சமையலறைக் கரப்பானின் ஒன்றுவிட்ட உறவு, விவசாயம் படித்து முன்னேறியிருக்கிறது!

பேர் வைக்கிறதுல இரண்டு நூற்றாண்டுக் குழப்பம்

இந்தப் பூஞ்சையின் கதையில் தமிழ்நாட்டுக்கு முதல் பக்கத்திலேயே இடம் உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் குடியேற்றத்துக்கு மருத்துவராக வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். தஞ்சைப் பகுதியில் புற்றுகளைத் திறந்து பார்த்து, 1779-ல் ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். கரையான் கூட்டுக்குள் பூஞ்சை இருக்கிறது என்று முதலில் பதிவு செய்தவர் அவர்தான். தென்னிந்தியாவில் புற்றெடுக்கும் ஒரு கரையான் இனம் இன்றும் அவர் வைத்த பெயரோடுதான் இருக்கிறது.

ஆனால் புற்றுக்குள்ளே இருக்கும் வெள்ளை முத்தும், வெளியே நிற்கும் குடையும் ஒரே உயிர்தான் என்று உறுதியாவதற்கு ரொம்ப காலம் ஆனது. 1847-ல் இலங்கையிலிருந்து போன ஒரு காளானுக்கு மைல்ஸ் பெர்க்லி என்ற ஆங்கிலப் பாதிரியார் 'அகாரிகஸ் யூரைசஸ்' என்று பெயர் வைத்தார். 'நல்ல வேர் உள்ளது' என்று பொருள். வேர் மாதிரி ஒரு வால் மண்ணுக்குள்ளே நீளமாகப் போனதைக் கவனித்திருக்கிறார். அந்த வால் எங்கே போய் முடிகிறது என்பது பெயரில் இல்லை.

கண்டி அருகே பேராதனை தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்த டாம் பெட்ச், 1906-ல் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். புற்றுகளைத் தோண்டி, பூஞ்சைத் தட்டுகளை வளரவிட்டுப் பார்த்து நீளமான ஆய்வு ஒன்றை வெளியிட்டார். (பின்னாளில் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரும் இவரே.) கரையான்கள் கைவிட்ட தட்டில் வேறொரு பூஞ்சை கறுப்புக் குச்சி மாதிரி கிளம்பி வருவதையும் பதிவு செய்தார். அந்தக் கறுப்புக் குச்சிக்குப் பிறகு வருவோம்.

இதற்கிடையில் அகாரிகஸ், கொலீபியா, வால்வேரியா என்று ஆளுக்கொரு பேரினத்தில் புற்றுக்காளான்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1942-ல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்ம் அவற்றைச் சேர்த்து 'டெர்மிடோமைசிஸ்' என்ற தனிப் பேரினத்தை உருவாக்கினார். இளஞ்சிவப்பு ஸ்போர், தட்டு வரை போகும் வேர்வால், மண்ணைக் குத்திக்கொண்டு வர வசதியாகக் குடையின் உச்சியில் ஒரு முனை. இவைதான் பொதுவான அடையாளங்கள். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஹெய்ம் பிறகு நாஜிகளிடம் சிக்கி வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு திரும்பினார்.

அடுத்தது சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராஜன் 1975-ல் 'டெர்மிடோமைசிஸ் இண்டிகஸ்' என்ற இனத்தையும், 1979-ல் 'டெர்மிடோமைசிஸ் ஹெய்மை' என்ற இனத்தையும் புதிதாக விவரித்தார். இரண்டாவது பெயர் ஹெய்முக்கு மரியாதை. தென்னிந்தியாவில் புற்றுக்காளான் பற்றிய ஆய்வு எதை எடுத்தாலும் ஹெய்மை என்ற பெயர் வந்துவிடும். அந்தப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயர் ஆய்வு மையம் இப்போது இருப்பது கிண்டி வளாகத்தில். கே.கே. நகரிலிருந்து சில கிலோமீட்டர்தான்.

இதெல்லாம் கண்ணால், மைக்ரோஸ்கோப்பால் பார்த்து வைத்த பெயர்கள். டி.என்.ஏ. வந்ததும் சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி ஆகிவிட்டது. தண்டில் தடிமனான வளையம் இருக்கிறது என்பதற்காக 1981-ல் சீனாவில் 'சைனோடெர்மிடோமைசிஸ்' என்று தனிப் பேரினமே தொடங்கியிருந்தார்கள். மரபணுவைப் பார்த்தால், அதுவும் பழைய டெர்மிடோமைசிஸ்தான். வளையம் இருப்பதும் இல்லாததும் ஒரே வம்சத்துக்குள்ளேயே மாறி மாறி வருகிறது.

கரையானை வைத்துக் காளானை அடையாளம் சொல்லலாமா? அதுவும் கதைக்காகாது. பூஞ்சை வளர்க்கும் கரையான் இனங்கள் 300-க்கும் மேல். பெயர் வைக்கப்பட்ட டெர்மிடோமைசிஸ் இனங்களோ முப்பது சொச்சம். வீடும் குடியிருப்பவரும் ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதில்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஈசலிடமே இருக்கிறது. றெக்கையை உதிர்த்த ஜோடி மண்ணுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்போது, பெரும்பாலான இனங்கள் பூஞ்சையைக் கையோடு கொண்டு போவதில்லை. பிறந்து வளர்ந்த முதல் தலைமுறை வேலைக்காரர்கள் வெளியே வந்து, மண்ணில் விழுந்து கிடக்கும் காளான் ஸ்போரைத் தேடி எடுத்துப் போக வேண்டும். ஈசல் பறந்து, கொஞ்ச நாள் விட்டுக் காளான் பூப்பதன் கணக்கு இதுதான். ஒவ்வொரு புது வீடும் விதையைப் பொதுச் சந்தையில் வாங்குகிற மாதிரி. அதனால் பூஞ்சை வம்சங்கள் கரையான் வம்சங்களுக்கு இடையே கை மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஆனால் ஒரு விஷயத்தில் கைமாற்றமே இல்லை. இந்தக் கரையான்களில் எதுவும் விவசாயத்தை விட்டுப் பழைய வாழ்க்கைக்குத் திரும்பியதில்லை. இந்தப் பூஞ்சையில் எதுவும் கரையானை விட்டுத் தனியாகப் பிழைக்கப் போனதில்லை.

பால் காளான் கடையில் கிடைக்கிறது, புற்றுக்காளான் ஏன் கிடைக்கவில்லை?

டி.என்.ஏ. சொன்ன இன்னொரு செய்தி நம்ம ஊர் மார்க்கெட் வரைக்கும் வருகிறது. டெர்மிடோமைசிஸ் சேர்ந்த குடும்பம் 'லயோஃபில்லேசி'. கடைகளில் வெள்ளை வெளேரென்று தடித்த தண்டோடு விற்கிற பால் காளானும் அதே குடும்பம்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'ஏ.பி.கே.-2' என்ற ரகமாக வெளியிட்ட பிறகு, வைக்கோலையும் பிளாஸ்டிக் பையையும் வைத்துக் கொட்டகையில் வளர்க்கும் தொழிலாகவே அது மாறிவிட்டது.

ஒரே குடும்பத்தில் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது, இன்னொன்று வரவில்லை. ஏன்?

டெர்மிடோமைசிஸின் பூஞ்சை இழையை ஆய்வகத் தட்டில் வளர்க்கலாம், மெதுவாக. வெள்ளை முத்துகூட வரும். குடை வராது. குடை விட வேண்டும் என்ற சைகையும், அதற்கான ஈரமும் சூடும், போட்டிப் பூஞ்சைகளை விரட்டும் காவலும் எல்லாம் கரையான் கூட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அதனால் மழைக்காலத்தில் கிராமத்துச் சந்தைகளில் புற்றுக்காளான் விற்பனைக்கு வந்தால், அது யாரோ விடியற்காலையில் தேடிப் பறித்தது. பண்ணையில் விளைந்தது இல்லை.

காவல் என்று சொன்னோமே, அங்கேதான் பெட்ச் பார்த்த கறுப்புக் குச்சி வருகிறது. 'சைலேரியா' வகையைச் சேர்ந்த களைப்பூஞ்சை அது. உயிரோட்டமுள்ள புற்றில் கண்ணுக்கே தெரியாது. கரையான்களை எடுத்துவிட்டால் சில நாளில் தட்டு முழுக்க அதன் ராஜ்ஜியம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ரெனீ போர்ஜஸ் குழுவினர் 'ஓடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ்' கரையானிடம் பயிர்ப் பூஞ்சையையும் களைப் பூஞ்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். களையை மட்டும் மண் போட்டு மூடியது கரையான். எப்படிக் கண்டுபிடித்தது? வாசனை. 2017-ல் வெளியான முடிவு இது. கண் தெரியாத வேலைக்காரக் கரையான் மூக்கால் களை எடுக்கிறது.

காற்றோட்டத்துக்கும் அதே இனத்தின் புற்றைத்தான் ஆராய்ந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஹார்வர்டில் பேராசிரியரான எல். மகாதேவன் குழு, தென்னிந்தியப் புற்றுகளில் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அளந்தது. பகலில் புற்றின் வெளி மடிப்புகள் சீக்கிரம் சூடாகும், இரவில் சீக்கிரம் குளிரும். நடுப்பகுதி மெதுவாகத்தான் மாறும். அந்த வித்தியாசத்தால் பகலில் ஒரு பக்கமும் இரவில் எதிர்ப்பக்கமும் காற்று சுழன்று, உள்ளே சேர்ந்த கரியமில வாயு வெளியேறுகிறது. கரண்ட் இல்லாத எக்ஸாஸ்ட் ஃபேன்.

கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடியேறும் என்று சொல்லிச் சொல்லியே, புற்றென்றால் பாம்பு என்று நமக்குப் பதிந்துவிட்டது. திருவாரூரில் மூலவர் பெயரே புற்றிடங்கொண்டார். திருவேற்காட்டில் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கிறார்கள். கட்டியவர்களை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

காம்பவுண்டுல முளைச்சதைச் சாப்பிடலாமா?

வேண்டாம்.

முதல் காரணம், ஆள்மாறாட்டம். சென்னை மாதிரி நகரங்களில் மழைக்குப் பிறகு புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையோடு முளைக்கும் காளான்களில் 'குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ்' என்ற விஷக்காளான் சகஜம். பார்வைக்குப் புற்றுக்காளானின் அண்ணன் மாதிரியே இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் நீரிழப்பு பெரிய ஆபத்து.

இரண்டையும் பிரிக்கும் அடையாளம் உண்டு. குடையைக் கவிழ்த்து வெள்ளைத்தாளில் ஒரு ராத்திரி வைத்தால், விழும் தூளின் நிறம் விஷக்காளானில் பச்சை, புற்றுக்காளானில் இளஞ்சிவப்பு. விஷக்காளானின் தண்டு மண்ணிலேயே முடிந்துவிடும், புற்றுக்காளானின் வால் ஆழமாகப் போகும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் விஷக்காளான் இளசாக இருக்கும்போது அடிப்பக்கம் வெள்ளையாகவே இருக்கும், பச்சை பிறகுதான் ஏறும். புற்றுக்காளானிலேயே அரிசி சிந்தின மாதிரி கூட்டமாக வரும் குட்டி வகைக்கு வால் கிடையாது. கரையான்கள் வெளியே கொட்டிய பழைய தட்டுத் துணுக்குகளில் அது முளைக்கிறது. இளஞ்சிவப்புத் தூள் உள்ள வேறு பேரினங்களிலும் விஷமுள்ளவை உண்டு. 'எண்டோலோமா' ஓர் உதாரணம். ஹெய்மும் நடராஜனும் மைக்ரோஸ்கோப் வைத்துப் பிரித்ததை, அடுப்படியில் நின்றுகொண்டு பிரிக்க முடியாது.

கிராமத்தில் பாட்டி கண்ணால் பார்த்தே சொல்வாரே என்றால், உண்மைதான். அவருக்கு அந்தப் புற்றையும் தெரியும், வருஷா வருஷம் அது எந்த மாதத்தில் பூக்கும் என்பதும் தெரியும். அந்த அறிவு அந்த நிலத்தோடு சேர்ந்தது. அதே பாட்டி கே.கே. நகர் பார்க்கில் நின்றால், முன்பின் தெரியாத புல்தரையில் நிற்கிறார்.

இரண்டாவது காரணம், மண். நிஜமான புற்றுக்காளானாகவே இருந்தாலும், நகரத்துக் கட்டடங்களைச் சுற்றிக் கரையான் மருந்து ஊற்றியிருப்பது வழக்கம். குளோர்பைரிஃபாஸ், இமிடாகுளோப்ரிட் மாதிரியான பூச்சிக்கொல்லிகள் மண்ணுக்குள்தான் போகின்றன. போதாக்குறைக்குக் காளான்கள் ஈயம், காட்மியம் மாதிரியான உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் குணமுள்ளவை. மெயின் ரோட்டை ஒட்டிய மண்ணில் முளைத்தது எதை உறிஞ்சியிருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் மோர், எலுமிச்சை, உப்புத் தண்ணீர் என்று வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள் அல்லது பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். சமைக்காத காளான் மிச்சம் இருந்தால் ஒரு காகிதப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். குடை மட்டும் போதாது, அடித்தண்டோடு சேர்த்து. எதுவும் மிச்சமில்லை என்றால், முளைத்த இடத்தில் மீதி நிற்பதை யாரையாவது விட்டுத் தோண்டி எடுத்து வரச் சொல்லுங்கள். டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது, எந்தக் காளான் என்பதுதான்.